ஈரத்தில் வாடிய கொடி

9.11.2005, ஓடைப்பட்டி

மழை விட்டு நாலு நாளாகிறது. தோட்டத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு. அப்படியும் மத்தியானம் திராட்சை இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. கொடிக்குத் தாகம் என்று வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டார். சேற்றில் தண்ணீர்! உடம்பெல்லாம் எரிகிறது எனக்கு.

10.11

ஒரு கொடியின் அடியைத் தோண்டினேன். வேர் கறுத்துவிட்டது, தொட்டால் தோல் கழன்று வருகிறது, சாக்கடை வாடை. பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது மறக்கவில்லை. வெயிலில் இலை தண்ணீரை ஆவியாக விடும். அந்த இழுப்பில்தான் அடித் தண்ணீர் தண்டு வழியாகப் பந்தல் வரை ஏறும். ஆனால் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுக்க உயிருள்ள வேர் வேண்டாமா? காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுமுட்டிச் செத்தால், தண்ணீரில் நின்றுகொண்டே கொடி காயும்.

வேரைக் கொண்டுபோய் இவரிடம் காட்டி, இதையெல்லாம் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துக் காமராஜ் அண்ணனும் இருந்தார்.

"புத்தகத்துலயா திராட்சை காய்க்குது?" என்றார் இவர். அண்ணன் சிரித்தார்.

சிரிக்கட்டும். இந்த முந்நூறு கொடியும் நான் நட்டது. மோட்டாருக்குக் கரண்ட் கிடைக்கும்வரை குடத்தில் சுமந்து ஊற்றினேன். அப்ப எந்த ஆம்பளை வந்தான் சிரிக்க?

12.11

இன்றும் மோட்டார்.

13.11

காலையிலேயே மெயினை இறக்கிவிட்டு, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி வந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

இவர் ஆடித் தீர்த்துவிட்டார். கொடி செத்தால் நீதான் பொறுப்பு என்றார். நானே பொறுப்பு என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டப் போனேன். ஒத்தையாய்.

16.11

பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். இலை இன்னும் தொங்குகிறது. நான் நினைத்தது தப்பா இருந்தா? — பயமாயிருக்கு. பயத்திலயும் கோவம்தான் வருது.

27.11

மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மேற்கு ஓரம் பள்ளத்தில் பதினெட்டு கொடி போய்விட்டது. மற்றதில் தோண்டினால் வெள்ளையாகப் புது வேர். உச்சி வெயிலில் பந்தலுக்கடியில் நின்றேன். ஒரு இலைகூடத் தொங்கவில்லை.

வழியில் காமராஜ் அண்ணன், "மாப்ள சொன்னாக ஆத்தா, வேரு மூச்சு விடணும்னு. நானும் தண்ணிய நிறுத்திட்டேன்" என்றார்.

மாப்ள சொன்னாராம், இவர்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

4.12

காலையில் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிடி தோட்டத்து மண்.

"பிடிச்சுப் பாரு. இன்னைக்குத் தண்ணி விடலாமா?"

பிடித்துப் பார்த்தேன். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றேன். சரியென்று போனார்.

சாவி இடுப்பில்தான் இருக்கிறது.