மின்விசிறிக்காக நின்ற மூன்று நொடி

அன்பு மகளே,

பதினோரு ஆண்டுகள் தொலைக்காட்சியில் அண்ட சராசரங்களையும் கட்டிக் காத்த உன் சித்தப்பா, இடது முழங்கால் நீங்கலாக, நலம். சித்தியும் நலம், குக்கர் மூடி திறக்காவிட்டால் இன்னும் "பறந்து வாங்க" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், இருந்தே தீர வேண்டும், இது என் ஆணை.

"நடிச்சது போதும் சித்தப்பா, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, மாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். நான் பறக்கும் வீரனாக நடித்த 'சூறைக்காற்றன்' தொடர் முடிந்து ஆறு வருடம், அதன்பிறகு தண்ணீர்த் தொட்டி விளம்பரத்திலும் சூறைக்காற்றன், கரப்பான் மருந்து விளம்பரத்திலும் சூறைக்காற்றன், வேறு ஒரு மனிதப் பிறவியாக நடிக்க எவனும் கூப்பிடவில்லை. போன மாதம் பல் பிடுங்கப் போனால் டாக்டர், "உங்களுக்கு எதுக்கு சார் மரத்துப்போற ஊசி?" என்கிறார். அவர் மட்டும் போடாமல் விட்டிருந்தால் என் அலறலில் அந்தக் கட்டடம் மூன்றடி நகர்ந்திருக்கும். அதனால் சித்தியிடம் சத்தியம் செய்தேன், இன்னும் ஒரே ஒரு நடிகர் தேர்வு, அதுவும் போனால் நடிப்புக்கு முழுக்கு, மூட்டை முடிச்சோடு உன் வீட்டு மாடி.

அது ஒரு மேடை நாடகம். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அப்பா அறைக்குள் வருகிறார், அவ்வளவுதான் காட்சி. நான் கதவைத் திறந்தேன், மார்பை நிமிர்த்தினேன், வாசலிலேயே மூன்று எண்ணும்வரை நின்றேன். தொடரில் நான் எந்தக் கதவைத் திறந்தாலும் ராட்சச மின்விசிறியைப் போட்டு, என் அங்கி பறக்கும்வரை நிற்க வைப்பார்கள். உடம்பு பழகிவிட்டது, குளியலறைக்குள் போகும்போதும் அப்படித்தான் நிற்கிறேன், சித்தி சாட்சி. இயக்குநர் உன் வயதுப் பெண். "எதுக்கு சார் அங்கயே நின்னீங்க?" என்றாள். தொலைந்தோம் என்று நினைத்து, "ஃபேனுக்காகம்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படியே நில்லுங்க சார். ஆனா உள்ள போகப் பயந்துக்கிட்டு நில்லுங்க" என்றாள். அண்ணன் உன்னை எங்களிடம் விட்டுப் போன வருடம், உனக்கு ஏழு வயதில் அந்தப் பொல்லாத காய்ச்சல் வந்ததே, அப்போது உன் அறைக் கதவுக்கு வெளியே நான் நின்ற நிலை உனக்குத் தெரியாது. அதை நினைத்தேன். மார்பு தானாக இறங்கிவிட்டது, எண்ண மறந்துபோனேன்.

முடித்து வெளியே வந்தால், கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு என் பின்னாலேயே வந்தார். பறந்து காட்டச் சொல்லப் போகிறார் என்று முழங்காலைத் தயார் செய்துகொண்டேன். "பையனுக்கு இப்ப எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். மகளே, நான் காப்பாற்றிய பதினேழு கோள்களையும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகத் தர மாட்டேனா! வேடம் எனக்கே கிடைத்துவிட்டது. மாடி அறைக்கு நீ வேறு ஆள் பார்.

சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே. கோடி கோடி ஆண்டு வாழ்க, குறைந்தபட்சம் நூறு. முதல் நாள் நாடகத்துக்கு இருவரும் வந்துவிடுங்கள், ஆனால் நான் கதவருகே நிற்கும்போது தயவுசெய்து கை தட்டாதீர்கள். சத்தம் கேட்டால் இந்த உடம்பு பறக்கக் கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
ஆறு வருடத்துக்குப் பின் வேலைக்குப் போகும்
உன் சித்தப்பா