சகலைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். குளிர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஒரு பஞ்சாயத்தோடு எழுதுகிறேன்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கென்று அகராதி தயாரிக்கிறோம் அல்லவா, அதில் 'கோ-பிரதர்' என்ற சொல்லைச் சேர்க்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சகலையை நம் ஆட்கள் ஆங்கிலத்தில் வேறு எப்படிச் சொல்கிறார்கள்? ஆனால் வாயில் இருந்தால் போதாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். உன் ஆங்கிலப் பத்திரிகையின் பழைய இதழ்களையெல்லாம் அலசிவிட்டேன். ஓரிடத்தில்கூட இல்லை! உன் கைவரிசைதானே?

அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. இந்தச் சொல் விட்டுப்போனால் எனக்கு மனசே ஆறாது.

உன் தம்பி

மார்ச் 15

அடேய் வாலு,

வருஷம் முழுக்க மூச்சு விடாதவன், குற்றப்பத்திரிகை வாசிக்க மட்டும் கடிதம் எழுதுகிறாய். ஆமாம், நான்தான். நிருபர்கள் 'கோ-பிரதர்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திருத்துகிற நாற்காலியில் இருக்கும் நான் 'ரிலேட்டிவ்' என்று மாற்றுவேன். வெளியூர்க்காரன் படித்தாலும் புரிய வேண்டாமா? இதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை.

ஆனால் நேற்று ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். லாரி மோதி இறந்தவரைப் பற்றி நாங்கள் போட்ட செய்தியை என் மேஜைமேல் விரித்தார்.

"ரிலேட்டிவ்னு போட்டிருக்கீங்களே மேடம், யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கு. ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தவங்க நாங்க. மாமனார் வீட்டுல எனக்குன்னு இருந்த ஒரே ஆளு அவன்தான். கோ-பிரதர்னு போடுங்க."

இன்றைய இரங்கல் கூட்டச் செய்தியில் 'கோ-பிரதர்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். கத்தரித்து அனுப்பியிருக்கிறேன், எடுத்துக்கொள்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

துண்டு கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன். பிறகு நானே அதைத் தள்ளுபடி செய்தேன். கேட்டவன் நான், அச்சில் ஏற்றியவள் என் கூடப்பிறந்தவள். இதைச் சான்றாக வைத்தால், நான் சேர்த்த மற்ற சொற்களையும் நாளைக்கு எவனும் நம்பமாட்டான்.

என்மேல் கோபித்துக்கொள்ளாதே. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

கோபம் வந்தது. சாப்பிட்டதும் போய்விட்டது. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறெப்படி இருப்போம்?

இத்துடன் இரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். இரண்டும் எங்கள் போட்டிப் பத்திரிகையில் வந்தவை. ஒன்று கோர்ட் செய்தி, இன்னொன்று விளையாட்டுப் பக்கம். இரண்டிலும் 'கோ-பிரதர்'. நாங்கள் போட்டதைப் பார்த்ததும் அவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. புரியவில்லை என்று ஒரு வாசகர்கூட எழுதவில்லை.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷன். அவரை நம் சொந்தக்காரர் என்று உன் ஆபீசில் எவனும் வாயைத் திறக்க முடியாது. தைரியமாகச் சேர்.

உன் அக்கா