பன்னிரண்டாவது பெட்டி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா நலம். முதுகுவலியை விட்டுவிட்டால் நானும் நலம். உன் காட்டு முகாமில் போன் டவர் கிடைக்காததால் நம் சரக்கு வண்டி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கடையின் தேடல் விளையாட்டுக்காக நீ மரங்களில் ஒளித்துவைத்த பன்னிரண்டு பெட்டிகளில் பதினொன்றை விளையாட வருகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏறுகிறார்கள், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுகிறார்கள், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு இறங்குகிறார்கள். பன்னிரண்டாவதை மட்டும் யாரும் தொடவில்லை. 'முதலில் தொடுபவருக்கு மரம் ஏறும் கருவிகள் முழு செட் பரிசு' என்று இணையத்தில் போட்டதிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. நேற்று ஒருவர் கேட்டார், "அண்ணே, பெட்டி நெஜமாவே அங்க இருக்கா, இல்ல கயிறு விக்கிற தந்திரமா?"

"ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பி" என்றேன். இரண்டு கயிறு வாங்கிப் போனார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தான்

மார்ச் 8

அத்தானுக்கு வணக்கம்.

அக்கா அனுப்பிய போர்வை கிடைத்தது. இங்கே குளிர் அதிகம் என்று அவளுக்கு யார் சொன்னது?

பன்னிரண்டாவது மரம் சரியில்லை. மழைக்கு முன்னால் நான் பெட்டி வைத்தபோது உறுதியாக இருந்தது. இப்போது அடியில் காளான். மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், காலி டிரம் மாதிரி ஒலிக்கிறது. மேலே இலையெல்லாம் பச்சை. அதைப் பார்த்துத்தான் நம்பி ஏறுகிறார்கள். போன வாரம் ஒருவர் பாதியிலேயே இறங்கிவிட்டார். "காத்தே இல்லண்ணா, மரம் முனகுது" என்றார். சிரிக்கவில்லை அவர்.

எச்சரிக்கை அட்டை கட்டினேன். மறுநாள் காணோம். இணையத்தில் போட்ட அறிவிப்பை உங்களால்தான் எடுக்க முடியும். உடனே எடுத்துவிடுங்கள்.

மார்ச் 10

அன்புள்ள மச்சானுக்கு,

நீ சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி, உன் அக்காவைக் கேள். மரம் என்றால் முனகத்தான் செய்யும், என் முதுகு மாதிரி. அட்டையை இன்னொன்று கட்டு, பெரிதாகக் கட்டு. ஏறுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், குழந்தைகள் இல்லை. மாதக் கடைசி வரைக்கும் பொறு. வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் அடுப்பை அணைக்கச் சொல்லாதே.

கோபமில்லை. உனக்குப் புதுக் கையுறை அனுப்பியிருக்கிறேன்.

உன் அத்தான்

மார்ச் 13

அத்தான்,

கையுறை அளவு சரியாக இருக்கிறது.

நேற்று அந்த மரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்து மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். தினமும் காவல் இருக்க முடியாது. வெட்ட அனுமதி வர ஒரு மாதமாகுமாம். கிரேன் வர வழியில்லை. பெட்டி மேலே இருக்கும்வரை யாராவது ஏறத்தான் செய்வார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானே ஏறி எடுத்துவிடுகிறேன். எந்தக் கிளையை நம்பக்கூடாது என்று எனக்காவது தெரியும்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு காலை, வண்டியில்

மச்சான்,

ஏறாதே.

உன் கடிதம் இன்று ஏழு மணிக்குத்தான் கையில் கிடைத்தது. ஓட்டுநர் நேற்றே வந்துவிட்டு மறந்துபோனாராம். அவரைத் திட்டி என்ன? அப்படியே வண்டியில் ஏறிவிட்டேன். உன் போன் அடிக்கவே இல்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதிக்கொண்டே வருகிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

அந்த மரத்தில் பெட்டி இல்லை. மார்ச் இரண்டாம் தேதியே ஒரு பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். விளையாட்டின் விதி தெரியாமல், அத்தாட்சிக்காகப் பெட்டியையே கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பரிசைக் கொடுத்து, "ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லாதேம்மா" என்றேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. பெட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீ திருப்பி அனுப்பிய மூன்று பேரும் ஒன்றுமில்லாததைத் தேடித்தான் வந்தார்கள்.

புறப்படும்போது அறிவிப்பை எடுத்துவிட்டேன். அரை நிமிடம்தான் ஆனது.

"ஞாயித்துக்கிழமை காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் உன் அக்கா. சரக்கு எடுக்க என்றேன்.

மணி எட்டு பத்து. வளைவு தாண்டியாயிற்று. உன் பைக் தெரிகிறது. கயிறு தொங்குகிறது. இலைக்குள் நீ இருக்கிறாயா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடிக்கிறார்.

மச்சான், கீழே வந்து இதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்.