காதோரம் ஆட்டிய பெட்டி

அன்பு மகள் மாரிசெல்விக்கு,

கோவில்பட்டியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிற முட்டுவலியோடும் சளியோடும் நலமாகவே இருக்கிறோம். தார் எஸ் சலாமில் நீயும் மாப்பிள்ளை சண்முகராஜும் விஜிக்குட்டியும் நலமா என்று வாரம் தவறாமல் போனில் முகத்தைப் பார்த்துவிட்டாலும், தாளில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி முடித்துவிடுகிறாய், பக்கத்தில் உன் அம்மாவும் இருப்பாள், இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. காட்டை உழுது போட்டாயிற்று, இனி புரட்டாசி மழை வந்தால்தான் விதைப்பு. அதுவரை கரிசல் மண் பறந்து வந்து வீட்டுக்குள்தான் விளைகிறது, உன் அம்மா காலையில் துடைத்த தரையில் மத்தியானம் பெயரே எழுதலாம். போன வாரம் கடம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு போளி வாங்கி வந்தாள். சர்க்கரை இருக்கிறது என்று எனக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கையோடு, உங்க அப்பாவுக்கு வாய் அடங்க மாட்டேங்குன்னு உன்னிடம் புகார் சொன்னாளே, அது இந்தப் போளி விஷயம்தான். ஆபீஸில் வேலை பரவாயில்லை. வயதாகிவிட்டது, வீட்டில் இருங்கள் என்கிறார்கள். வீட்டில் இருந்து நான் யாரை மேய்ப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். நீ புது வீட்டு அடுப்பைக் காட்டினாய், மேலே நாலு பர்னரும் கீழே கதவு வைத்த ஓவனும். பட்டனை அமுக்கினால் பொறி வரமாட்டேங்குது, குச்சி உரசித்தான் பத்தவைக்கேன் என்றாய். அந்த ஊர்க் கடையில் நம் ஊர்த் தீப்பெட்டியே கிடைக்குது என்று பெட்டியைக் காட்டிச் சிரித்தாய். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் விஜி சொப்பு வைத்து விளையாடுகிற வீடியோவை அனுப்பியிருந்தாய். உன் அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். நான் ஒருமுறைதான் பார்த்தேன், பார்த்துவிட்டு வாசலுக்கு எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பிள்ளை இடது கையால் பொம்மை அடுப்பின் திருகைத் திருப்பியது. திருப்பிவிட்டு ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டியது. தலையைச் சாய்த்து, உள்ளே குச்சி கிடக்கிற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டது. பிறகுதான் உரசுகிற மாதிரி காட்டியது. காலிப் பெட்டியில் சத்தம் எங்கே வரும், ஆனால் எனக்குக் கேட்டது மாரி. அந்தச் சாய்ந்த தலை என் தங்கச்சி சுகுணாவுடையது. உன் அத்தை போய்ச் சேர்ந்து வெகு காலம் கழித்துப் பிறந்த பிள்ளை விஜி, அவளைப் போட்டோவில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பெரிய லீவுக்கெல்லாம் பசுவந்தனையில் அத்தை வீட்டிலேயே கிடந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றவள் நீ. உன்னிடமிருந்துதான் அது பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும். உனக்கே தெரியாமல் தினமும் நீ அப்படித்தான் செய்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை எப்படிப் போனாள் என்று உனக்குச் சொன்னது சிலிண்டர் வெடித்தது என்றுதான். நம் பக்கம் அடுப்படியில் எது நடந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், நீயும் அப்போது காலேஜ் பரீட்சையில் இருந்தாய், யாரும் விளக்கமாகப் பேசவில்லை. உன் அம்மாவுக்கும் இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். சிலிண்டர் வெடிக்கவில்லை மாரி. நான் போய்ப் பார்த்தபோது ஒரு கீறல் இல்லாமல் மூலையில் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு இருந்தவரைக்கும் அவள் என்னிடம் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணே, பெட்டிய ஆட்டிப் பாத்தேம்லா, குச்சி கெடந்துச்சி, உரசுதேன் உரசுதேன், பத்தவே மாட்டேங்கு, அப்பவும் விடாம இன்னொண்ணு எடுத்தேன் என்றாள். அன்றைக்கும் இதே காற்று. மண் விழும், அடுப்பு அணையும் என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தாள். கேஸைத் திறந்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்திருக்கிறாள். ஆபீஸில் கழித்துப்போட்ட நமத்த குச்சிகள் அவை, ஒன்று மாற்றி ஒன்று உரச உரச, கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையில் இறங்கி அவள் காலைச் சுற்றி நின்றிருக்கிறது. கடைசிக் குச்சி பற்றியபோது நைலான் நைட்டி கீழேயிருந்து பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே ஆபீஸில் பெட்டியில் குச்சி அடைத்தவள். அடைக்கிற பெண்கள் பெட்டியைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே நிறைந்திருக்கிறதா குறைகிறதா என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கம் கையோடு அடுப்படிக்கும் போய்விட்டது. நம்ம ஊரு குச்சி ஒரே உரசுல பத்தும் என்ற பெருமை வேறு, அதனால்தான் முதலில் திருகைத் திறக்கிற துணிச்சல். வேறு ஊர்க்காரி என்றால் குச்சியை நம்பியிருக்கவே மாட்டாள். இங்கே ஆபீஸுக்குள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வருகிறோம், இரும்பு இரும்போடு உரசக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்கிறோம், வீட்டு அடுப்பு முன்னால் மட்டும் எங்களுக்கு நெருப்பு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து என்னால் அடைப்பு ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. யாராவது பெட்டியை ஆட்டினால் தலை தானாகத் திரும்புகிறது. அவள்தான் நிற்கிறாள் என்று ஒரு நொடி நம்பிவிடுகிறேன். முன்னெல்லாம் அவள் மட்டும்தான் தெரிவாள். இப்போது அவளுக்குப் பின்னால் நீயும், உன் இடுப்பு உயரத்தில் விஜியும் நிற்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாரி, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அத்தை அடுப்பாவது திறந்த அடுப்பு. உன் ஓவன் ஒரு மூடிய பெட்டி, உள்ளே கேஸ் தேங்கினால் கதவோடு முகத்தில் அடிக்கும். மாப்பிள்ளையிடம் சொல்லி விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அந்தப் பொறி வருகிற பட்டனை முதலில் சரிசெய், அதுவரை ஓவனைத் தொடாதே, விஜி பிறந்தநாளுக்குக் கேக்கைக் கடையில் வாங்கினால் குடி ஒன்றும் முழுகிவிடாது. மேல் அடுப்புக்கு நீளமான லைட்டர் ஒன்று வாங்கு, தீப்பெட்டியில் சோறு தின்றவன் சொல்கிறேன், வாங்கு. என்றைக்காவது குச்சிதான் கதி என்றால் ஜன்னலைத் திறந்து வை, குச்சியை உரசி நெருப்பைக் கண்ணால் பார்த்து, பர்னர் பக்கத்தில் கொண்டுபோன பிறகு திருகைத் திருப்பு. பற்றவில்லையா, உடனே மூடிவிட்டு வெளியே போய் ஒரு காப்பி குடிக்கிற நேரம் உட்கார், இன்னொரு குச்சியை மட்டும் எடுக்காதே. வாடை அடித்தால் லைட்டையும் ஃபேனையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஜன்னல் கதவைத் திறந்து சிலிண்டரை மூடிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ. ஓவன் கைப்பிடியில் துண்டு தொங்குவதைப் பார்த்தேன், எடுத்துவிடு. அந்தக் கதவில் விஜி ஏறி நின்றால் அடுப்பே முன்னால் சாயும். நைட்டி பருத்தியில் போடு. இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவுக்கு வேலை இல்லை என்று சிரித்தாலும் சரி, சிரித்துக்கொண்டே செய்.

விஜியைத் திட்டிவிடாதே. அவள் பெட்டியை ஆட்டுவதை நிறுத்திவிடவும் வேண்டாம். ரெண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், சுகுணாவிடமிருந்து நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு தலைச்சாய்ப்புதான். நிஜத் தீப்பெட்டியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியில் நாலு உளுந்தைப் போட்டு ஒட்டிக் கொடு, சத்தம் வரட்டும். முதலில் பெட்டியை ஆட்டச் சொல். அடுத்து உரசச் சொல். கடைசியில் திருகு. உன் அத்தை செய்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், வரிசை மட்டும் மாறட்டும்.

அம்மன் துணையோடு மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நல்லா இருங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அம்மா கேட்டால் அப்பா மழை நிலவரம் எழுதியிருந்தார் என்று சொல்லிவிடு. விஜி அந்த வரிசையில் விளையாடுகிறதை இன்னொரு வீடியோ எடுத்து என் போனுக்கு மட்டும் அனுப்பு. இந்தத் தடவை எழுந்து போகாமல் கடைசிவரை பார்ப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
குருசாமி