முப்பத்திரண்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
மாணவி, வரிசை எண் 27,
ஆடை அமைப்பும் துணியியலும், முதலாம் ஆண்டு.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி அலுவலகம்.

பொருள்: கருணை அடிப்படையில் எனக்குக் கூட்டித் தரப்பட்ட பதின்மூன்று மதிப்பெண்களை நீக்கி, நான் தேர்ச்சி பெறவில்லை என மீண்டும் பதிவு செய்யவும், ஆடை அமைப்பு ஆசிரியைக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. என் மகன் கல்லூரி முதல்வருக்கு அனுப்பிய மின்னஞ்சல், பிப்ரவரி 20.
2. முதல்வரின் குறிப்பாணை, பிப்ரவரி 24.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது எழுபத்தொன்று. கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள். கணவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு மார்ச் மாதம் காலமானார். ஜூலையில், மூத்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் இக்கல்லூரியில் சேர்ந்தேன். மற்றோர் இடத்தில் சேர்ந்தவர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார். நான் இன்றுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. யார் மீதும் புகார் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இம்மனுவில் புகார் என்று ஒன்று இருந்தால், அது எனக்குச் செய்யப்பட்ட உதவியைப் பற்றியது.

2. முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆசிரியையைப் பற்றி முடிவெடுக்க இயலாது. தையற்கூடத்தில் பன்னிரண்டு இயந்திரங்களும் நான்கு வெட்டு மேசைகளும் உள்ளன. முதல் நாள் நான் நுழைந்ததும் மாணவிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னை ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் நாற்காலியைத் துடைத்து, "அம்மா, இங்க உக்காருங்கம்மா" என்றாள். ஆசிரியை வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இங்க அம்மா கிடையாது, இருபத்தேழாம் நம்பர்தான். இருபத்தேழு, உங்க கத்திரி எங்க?" என்றார். நான் கத்திரி கொண்டுபோகவில்லை. அன்று மாலையே வாங்கினேன்.

3. ஆசிரியை எந்த உடையையும் முதலில் உட்புறம் திருப்பித்தான் பார்ப்பார். குறை இருந்தால் சொல்வார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி வெளிப்புறம் திருப்பி வைத்துவிடுவார். அந்த மௌனத்துக்காக இருபத்தாறு பெண்களும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

4. கைத்தையலில் எனக்குக் கர்வம் உண்டு என்பதை மறைக்கவில்லை. பள்ளியில் என் ஓர மடிப்பைத்தான் மாதிரியாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆசிரியை முதல் வாரமே அதே மடிப்பில் நான்கு அங்குலம் பிரித்துவிட்டு, "பாக்க நல்லாருக்கு. ஆனா துவைச்சா இழுக்கும்" என்றார். கோபத்துடன் வீட்டுக்குப் போய், ஒரு துண்டுத் துணியில் தைத்துத் துவைத்துக் காயவைத்தேன். இழுத்திருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

5. துணியியல் வகுப்பில் இழைகளை எரித்துப் பார்த்து இனம் காண்கிறோம். பஞ்சு காகிதம்போல் எரியும். கம்பளி தலைமுடி கருகும் வாடை தரும். என் நாத்தனார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 'அசல் பட்டு' சால்வையை நாற்பது ஆண்டுகள் பூச்சியுருண்டை போட்டுப் பாதுகாத்துவந்தேன். அதில் ஓர் இழையை விளக்கில் காட்டினேன். செயற்கை இழையைப்போல் உருகிக் கறுப்பு மணியாகிவிட்டது. நாத்தனார் இப்போது உயிருடன் இல்லாததால் அது குறித்துத் தனி மனு ஏதும் இல்லை.

6. வெள்ளிக்கிழமைகளில் பண்பாட்டுத் தொடர்பியல் வகுப்பையும் இதே ஆசிரியைதான் எடுக்கிறார். சீருடைக்கு ஏன் பை தைக்கிறார்கள், சிறுமிகளின் உடையில் ஏன் தைப்பதில்லை, பொத்தான் முதுகுப் பக்கம் இருந்தால் அதை மாட்டிவிடுபவர் யார் என்று கேட்டுக்கொண்டே போவார். கேள்விகளோடு வீட்டுக்கு வருவோம். நான் மணமாகி வந்து துவைத்து மடித்த துணிகளையெல்லாம் இந்த ஏழெட்டு மாதங்களில்தான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்லத் துணிகிறேன்.

7. இனி நடந்ததற்கு வருகிறேன். பருவத் தேர்வுக்கான வேலை இது: பயன்படுத்திய ஓர் உடையை முழுவதும் பிரித்து, தன் அளவுக்கு மறுபடி வெட்டித் தைத்து, அணிந்து வந்து நிற்க வேண்டும். அந்த உடையை அணிந்திருந்தவரைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று நான்கு பக்கம் எழுதவும் வேண்டும். நான் என் கணவரின் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டேன்.

8. அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் அளவைக் கருவியின் முக்காலியை வலது தோளில் சுமந்தவர். வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கும். அவருடைய தையல்காரர் அதைக் கண்டு, கோட்டின் வலது தோளை அந்த அளவுக்குத் தாழ்த்தி வெட்டியிருந்தார். நான் மார்பைக் குறுக்கினேன், நீளத்தைக் குறைத்தேன், காலரைப் புதிதாக வைத்தேன். என் தோள்களின் அளவையும் எடுத்தேன். இரண்டும் சமம் என்று காகிதத்தில் எழுதியும் வைத்தேன். ஆனால் வலது தோளை வெட்டும்போது அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. இருந்தபடியே விட்டுவிட்டேன். இது கவனக்குறைவு என்று முதல்வர் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். கவனக்குறைவு அல்ல. தெரிந்தே செய்தேன்.

9. பிப்ரவரி 19 அன்று அதை அணிந்து கண்ணாடி முன் நின்றேன். கழுத்திலிருந்து வலது கைக்குழிவரை ஒரு சுருக்கம் சரிவாக விழுந்தது. ஆசிரியை அதைக் கழற்றச் சொல்லி உட்புறம் பார்த்தார். மௌனமாகத் திருப்பி எனக்குப் போட்டுவிட்டார். பிறகு அந்தச் சுருக்கத்தில் இரண்டு குண்டூசிகள் குத்தினார். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: "தையல்ல ஒரு குறை இல்ல, இருபத்தேழு. ஆனா இது உங்க கோட்டு இல்ல. உள்ள வேற யாரோ நிக்கறாங்க. நீங்க உள்ள வந்ததும் திரும்பப் போட்டுக் காட்டுங்க." நூற்றுக்கு முப்பத்திரண்டு அளித்தார். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். நான்கு பக்கக் கட்டுரையின் கீழே, 'இதை முழுதும் படித்தேன். மறுதேர்வில் காத்திருப்பேன்' என்று எழுதியிருந்தார்.

10. நான் நடைபாதைக்கு வந்து தண்ணீர்க் குழாய் அருகில் நின்று அழுதேன். இதை எழுதுவது எனக்கு உவப்பானது அல்ல. ஆயினும் உண்மை முழுமையாக இருக்க வேண்டும். என் மேசையில் எதிர்ப்புறம் உட்காரும் பெண், இயந்திரத்தின் நூலுருளைபோல் ஓயாமல் சுற்றுவதால் வகுப்பில் 'பாபின்' என்று அழைக்கப்படுபவள், என் கையில் கைக்குட்டையைத் திணித்து, "எனக்கு இருபத்தொன்பதுதான். நானே அழல, நீங்க ஏன் அழறீங்க?" என்றாள். அந்த நேரம் பார்த்து என்னை அழைத்துப்போக மகன் வந்து சேர்ந்தான்.

11. என் மகன் நல்லவன். தந்தை இறந்த அன்றுகூட நான் அழுது அவன் பார்த்ததில்லை. ஆகவே அவன் பதறியதில் வியப்பில்லை. என்னிடம் கேட்காமல் அன்றிரவே எழுதிக் காலையில் அனுப்பிவிட்டான். முதல்வரும் நான்கே நாளில் ஆசிரியைக்கு, 'மூத்த பெண்மணியின் மனத்தைப் புண்படுத்தியமைக்கு' விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அளித்து, என் மதிப்பெண்ணை நாற்பத்தைந்தாக்கிவிட்டார். நான் நேரில் சென்று மறுத்தபோது, "உங்க வயசுக்கு நீங்க வந்து உக்காந்ததே பெரிசும்மா. மார்க்கை நாங்க பாத்துக்கறோம்" என்றார். வந்து உட்கார்வதற்கு என் வீட்டிலேயே நாற்காலிகள் இருக்கின்றன, ஐயா.

12. நான் ஏன் அழுதேன் என்று குறிப்பாணையில் எழுதியவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. கணவர் மறைந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் அனைவரும், "அவர் உங்ககூடவேதான் இருக்கார்" என்றுதான் சொல்லிப்போனார்கள். நானும் தலையாட்டினேன். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை ஒருவர்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு ஊசிகள் குத்திக் காட்டினார். என் மனம் புண்படவில்லை. என்னை மாணவியாக மதித்து ஒருவர் திருத்தினார். அதைத் தாங்கிக்கொள்ளச் சற்று நேரம் தேவைப்பட்டது, அவ்வளவே.

13. ஆசிரியை ஒப்பந்தத்தில் பணிபுரிகிறார். ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது. குறிப்பாணை நிலுவையில் உள்ளவருக்கு அது நீட்டிக்கப்படாது என்று அலுவலக எழுத்தர் தெரிவித்தார். மறுதேர்வோ ஏப்ரல் 6 அன்று. என் பொருட்டு அவர் வேலை இழந்தால், என் மதிப்பெண் பட்டியலில் உள்ள அந்த நாற்பத்தைந்தை நான் எவரிடமும் காட்ட மாட்டேன்.

14. ஆகவே தாங்கள், குறிப்பாணையைத் திரும்பப் பெறச் செய்து ஆசிரியையின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவும், என் முப்பத்திரண்டை எனக்குத் திருப்பித் தரவும், பாபின் உள்ளிட்ட மற்ற ஆறு பேருடன் என்னையும் மறுதேர்வு எழுத அனுமதிக்கவும் வேண்டுகிறேன். என் மகன் தன் மின்னஞ்சலைத் திரும்பப் பெறும் கடிதத்தை இணைத்துள்ளேன். அதை அவன் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு முறை திருத்தி எழுதினான்.

15. கடைசியாக ஒன்று. வலது தோளை நேற்று பிரித்துவிட்டேன். தையல்காரர் உள்மடிப்பில் முன்னும் பின்னும் போதிய துணி விட்டுவைத்திருந்தார். முக்கால் அங்குலம் உயர்த்தலாம். ஆனால் மடிப்புக்குள் இருந்த துணி வெயில் படாமல் புதுப் பழுப்பாகவே இருக்கிறது. உயர்த்தித் தைத்தால் தோளில் ஒரு கோடு தனியாகத் தெரியும். அதை மறைக்க வேண்டுமா, அப்படியே விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். ஏப்ரல் 6 அன்று அவர் தையற்கூடத்தில் இருக்க வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி, எளிதில் பிரிக்கக்கூடிய கச்சாத் தையலோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இடம்: தையற்கூடம், மூன்றாம் மேசை
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
இருபத்தேழாம் எண்

இணைப்பு:
1. மதிப்பீட்டுத் தாளின் நகல்.
2. மகனின் கடிதம்.
3. குண்டூசிகள் இரண்டு, அசல். இவை கல்லூரிச் சொத்து. பார்வையிட்ட பின் திருப்பி அனுப்பவும்.