பலகையில் எல்லோருக்கும் ஒரே எண்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே உனக்கு உடம்பும் மனசும் சேர்ந்தே நன்றாக இருக்க வேண்டும். இங்கே உடம்பைப் பொறுத்தவரை யாருக்கும் குறையில்லை, மற்றதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றுவேன், கடைசியில் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரரிடம் இன்னமும் உன்னை நாடுகளுக்கு நடுவில் நியாயம் தீர்க்கிறவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் திருத்தவில்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார்.

நீ முதலில் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். தொழிலாளரை ஒழுங்காக நடத்தும் ஆலைகளின் சட்டைகளுக்கு மட்டும் நீ இருக்கும் நாட்டில் சுங்க வரி இல்லை. எங்கள் ஆலை பொய்க் கணக்கு எழுதுகிறது என்று உன் ஆபீஸ் முடிவுகட்டி அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர்கள் எடுத்துப்போன படங்களில், இரண்டாம் ஷெட்டில் யார் எத்தனை தைத்தார் என்று எழுதும் பலகையில் மணிக்கு மணி எல்லாப் பெண்களுக்கும் ஒரே எண் இருப்பதை முதலில் கவனித்தது நீ. ஆலையின் பெயரை மறைத்துக் கொடுத்திருந்ததால் அது அம்மாவும் சித்தியும் வேலை செய்கிற இடம் என்று உனக்குத் தெரியவில்லை. மனிதர்களால் அப்படி ஒரே அளவாகத் தைக்க முடியாது, யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அப்படியென்றால் அந்தப் பெண்களின் கூலியை யாரோ விழுங்குகிறார்கள் என்று எழுதினாய். உன்னைப் பாராட்டினார்கள். பிறகு மறுவிசாரணை வந்தது. அந்தப் பெண்கள் அவரவர் உண்மையில் தைத்த கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சலுகை திரும்பலாம், இல்லாவிட்டால் ஷெட்டை மூடுவார்கள், சித்திக்கும் வேலை போகும். அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தாய்.

முயற்சி செய்தேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

எண் ஏன் ஒன்றாக இருந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். மேலே ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் அறையில் என் மேஜை கண்ணாடிச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, கீழே காலர் தைக்கும் வரிசை முழுதும் தெரியும். சூப்பர்வைசர் பலகையில் எழுத வருவதற்குச் சற்று முன்னால், அந்த மணிக்கான எண்ணிக்கையை முடித்தவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய், முடிக்காதவளின் மேஜையில் தான் தைத்த காலர் கட்டு ஒன்றை வைத்துவிட்டு வருவாள். யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எண்ணிக்கை குறைந்தால் நூல் வெட்டும் பகுதிக்கு இறக்கிவிடுவார்கள், அங்கே கூலி பாதி. அதனால் யார் எண்ணும் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும். மொத்தம் சரியாக வருகிறவரை அவருக்குக் கண் தெரியாது.

வரிசையிலேயே மெதுவான கை ஒன்று உண்டு. அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் நரம்புக் கோளாறு, காலர் முனையைத் திருப்பும்போது விரல் நடுங்கும். ஆனால் அவள் திருப்பிய முனை கத்தி மாதிரி நிற்கும், அதனால் மாதிரிச் சட்டை என்றால் அவளிடம்தான் கொடுப்பார்கள். எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது, சிக்னல் விழுந்ததா என்று உன் சித்திதான் தினமும் கேலி செய்வாள். வரிசையிலேயே வேகமானவளும் சித்திதான். கேலி செய்துகொண்டே காலர் கட்டு ஒன்றை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகள் அடுக்கும் இடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அதற்கு முன்பே மானேஜர் என்னைக் கூப்பிட்டு, எழுத்தில் இன்னார் குறைவாகத் தைத்தார் என்று வந்துவிட்டால் விதிப்படி அவரை இறக்காமல் இருக்க முடியாது, எனக்கு வேறு வழியில்லை மேடம் என்று சொல்லியிருந்தார். அதையும் மறைக்காமல் சொன்னேன். எக்ஸ்பிரஸ் தன் டப்பாவை மூடிவிட்டு, “என் பேரைப் போட்டுக்கோங்க. எல்லாரும் போறதுக்கு நான் ஒருத்தி போறேன்” என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, நான் அதைச் சொல்லவும் செய்தேன். நான் படித்த பொருளாதாரம் அதைத்தான் சொல்லும், ஒருத்தியின் நஷ்டத்தைவிட மற்றவர்களின் லாபம் பெரிது, லாபம் அடைந்தவர்கள் அவளுக்கு ஈடு செய்துவிடலாம் என்று. செய்வார்களா என்பதைப் பற்றி அந்தப் புத்தகங்கள் அக்கறைப்பட்டதில்லை.

சித்தி கோபப்படவில்லை. உனக்குத் தெரியும், அவள் கோபப்படாதபோதுதான் பயமாக இருக்கும். போன மாதம் தனக்குக் காய்ச்சல் வந்தபோது பலகையில் தன் பெயரில் இருந்ததில் பாதி இந்த எக்ஸ்பிரஸ் தைத்தது என்றாள். வரிசையின் ஓரத்தில் இருப்பவள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமதமாக வருகிற நாளில் அவளுடையதை இரண்டு பேர் தைப்பார்களாம், எந்த இரண்டு பேர் என்று அவளுக்கே தெரியாதாம். “எந்தக் கணக்கை எழுதறது, சொல்லுக்கா” என்று கேட்டாள். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒருத்தி மனசில்கூடவா இருக்காது என்றேன். “குடுக்கும்போது எண்ணினா அது கடனாயிடும்க்கா. அதான் யாரும் எண்ணலை” என்றாள். மற்றவர்கள் தலையைக்கூட ஆட்டவில்லை, அதில் ஆட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோல இருந்தார்கள்.

சாயங்காலம் மானேஜர் தானே கீழே இறங்கி வந்தார். கணக்கு இல்லையென்றால் என்ன, நானே கொஞ்சம் ஏற்ற இறக்கமாகப் போட்டுத் தருகிறேன், பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். “பொய் எழுதலைன்னு காட்டறதுக்குப் பொய் எழுதணுமா சார்” என்று சித்தி கேட்டதும் வரிசை முழுதும் சிரித்தது. மானேஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எல்லோரும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் சொன்னதைச் செய்திருந்தால் உன் ஆபீஸ் நம்பியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் பார்த்ததை என் பெயரிலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், எண் எதுவும் இல்லாமல். நம்பிக்கையோடு அனுப்பினேன் என்று சொன்னால் பொய். தனிநபர் எண்ணிக்கை இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று மரியாதையான பதில் வந்தது. கையெழுத்து உன்னுடையது இல்லை. உறவினர் இருக்கும் கோப்பிலிருந்து உன்னை விலக்கிவிட்டதாக எழுதியிருந்தாயே, அது நல்ல விதிதான். இதில் விதிகள் எல்லாமே நல்லவைதான், எவ்வளவு யோசித்தும் ஒன்றைக்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை. வரி வந்ததால் சட்டை விலை ஏறியது. ஏறியதை வாங்குகிறவர் ஏற்கவில்லை, முதலாளி ஏற்கவில்லை, கப்பல்காரர் ஏற்கவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. எந்த ஒப்பந்தத்திலும் பெயர் இல்லாதவர்கள் தலையில் வந்து விழுந்தது. உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, பாரம் தாங்குகிறவன் தலையில்தான் ஏறும் என்றார். தாங்குவதால் ஏற்றவில்லை, எதிர்த்து எழுதக் கையில் காகிதம் இல்லாததால் ஏற்றினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஷெட் மூடியாகிவிட்டது. இயந்திரங்களை இன்னொரு நாட்டில் முதலாளி எடுத்திருக்கும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்த நாட்டோடு வேறு மாதிரி ஒப்பந்தம், அங்கே பலகையைப் படம் எடுக்க யாரும் வருவதில்லையாம். அனுப்பும் பத்திரங்களை நான்தான் தயாரித்தேன். இந்த ஷெட்டிலிருந்து போன கடைசி ஏற்றுமதி, சட்டை தைத்த அந்த மெஷின்கள்தான், அவற்றுக்கு எங்கேயும் வரி கிடையாது. கன்டெய்னரில் ஏற்றுகிற அன்று கணக்கு முடிக்க வந்த சித்தி, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், ஊசியை மாற்றி நூலின் இறுக்கத்தைத் திருகிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டேன். அங்கே புதிதாக ஒருத்தி உட்காருவாள், முதல் நாளே நூல் அறுந்தால் அவளுக்குத்தான் திட்டு விழும் என்றாள். அந்தப் பெண்ணுக்கும் வேலை தேவைதான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதில் யாரைக் குறை சொல்வது என்று தேடித்தான் களைத்துப்போயிருக்கிறேன்.

எக்ஸ்பிரஸ் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவப் போகிறாள். மணிக்கட்டு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. சித்திக்கு இன்னும் எதுவும் அமையவில்லை, வேறு ஆலைகளில் இந்த ஆலையின் பெயரைச் சொன்னாலே, பொய்க் கணக்கு எழுதிய இடமா என்று கேட்கிறார்களாம்.

வேலையை விட்டுவிடுவதாக அடுத்த கடிதத்தில் எழுதியிருக்கிறாய். விடாதே. விட்டால் உன் மனசு ஆறும், வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த நாற்காலியில் எண்களை மட்டும் பார்க்கிற இன்னொருவர் வந்து உட்காருவார். நீ இருந்தால், அடுத்த தடவை ஒரு எண்ணைக் கண்டதும் அங்கே போய் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல ஒருத்தியாவது இருப்பாள். கேட்பார்களா என்றால், மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொல். உன் மேல் தப்பு இல்லை என்று நான் எழுதப்போவதில்லை, எல்லாம் உன் தப்பு என்று எழுதினால் அதுவும் உண்மை இல்லை.

நன்றாகச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் அறிவு உனக்குத் துணையாக இருக்கட்டும், அதைவிட உன் கண் தெளிவாக இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. எண்களைக் கவனித்தது நீ என்று சித்திக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயே போன் செய்து சொல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில்தான் இருப்பாள், இப்போது எல்லா நாளும் இருக்கிறாள். திட்டினால் கேட்டுக்கொள். திட்டாமல் அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டால், போனை வைத்துவிடாதே, பதில் சொல்.

உன் அம்மா