செவ்வாய்க்கிழமை மாத்திரை

அப்பா,

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. உப்பு இல்லை. திட்டுவதென்றால் உங்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

இல்லை, என்னையும் திட்டலாம். போன வாரம் உங்கள் அலமாரியில் நீங்கள் போடாமல் வைத்திருந்த ஒன்பது நீர் மாத்திரைகளைக் கண்டுபிடித்து, உங்கள் மாப்பிள்ளை முன்னாலேயே, "சாகணும்னு ஆசையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அன்றிலிருந்து நீங்கள் செஸ் ஆட நூலகத்துக்குப் போகவில்லை.

நேற்று உங்கள் கூட்டாளி போஸ்ட்மேன் மாமாவைக் கடையில் பார்த்தேன். "அதைப் போட்டா பத்து நிமிஷத்துக்கொரு தரம் ஓடணும். நூலகத்துல கழிவறை இல்லம்மா. ஒருதடவை எல்லார் முன்னாடியும் நனைச்சுட்டார். அதான் ஆட்டம் இருக்குற செவ்வாய்க்கிழமை மட்டும் போடறதில்ல" என்றார்.

பதினோரு மணிக்கு உங்களைப் பார்க்க நர்ஸம்மா வருவார்; விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்து வந்தபின் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்கிறாராம். "அவருக்கு எது முக்கியம்னு அவரே சொல்லட்டும்" என்றார் நர்ஸம்மா. போன தடவை டாக்டர் உங்களிடம் அதையே கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் பதில் சொன்னேன். அதனால்தான் இன்று வேண்டுமென்றே சீக்கிரம் கிளம்புகிறேன். நீங்கள் பேசுங்கள்.

சாவி செஸ் பெட்டிமேல். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பி.கு: ஒவ்வொரு மாத்திரையையும் அன்றன்று கிழித்த காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தீர்கள். இன்று காலைதான் தாள்களைப் பார்த்தேன். ஒன்பதிலும் செவ்வாய். எனக்கு எண்ணத்தான் தெரிந்தது, படிக்கத் தோன்றவில்லை அப்பா.